லாச்சிக்குள் கிடந்த ஹார்ட் டிஸ்க்குகளும் ஒரு பழைய ஒஃபிஸ் பெட்டியும்: ஆறு மாதப் பாவனைக்குப் பிறகு

எங்கள் தொழில் கலியாண வீட்டு வீடியோ. இவர் கமரா பிடிப்பார், நான் எடிட் பண்ணுவேன். வெள்ளவத்தையில் மரைன் டிரைவிலிருந்து ஒரு ஒழுங்கை உள்ளே, மூன்றாம் மாடி. ஒரு கலியாணத்தை இரண்டு கமராவில் ஃபோர்கேயில் எடுத்தால் 300 ஜீபி வரும். சாமத்திய வீடு என்றால் அதில் பாதி. வேலையைக் கொடுத்து முடித்த பிறகு, முடிந்த வீடியோவையும் நல்ல துண்டுகளையும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிடுவேன். அப்படியும் பன்னிரண்டு வருடத்தில் 7 டீபி, அதாவது 7,000 ஜீபி, சேர்ந்துவிட்டது. அவ்வளவும் என் மேசை லாச்சிக்குள் நான்கு ஹார்ட் டிஸ்க்கில் கிடந்தன: ஒரு 4, ஒரு 3, ஒரு 2, கைக்குள் அடங்கும் 1 டீபி ஒன்று. எதில் யாருடைய கலியாணம் என்று டேப்பில் எழுதி ஒட்டியிருந்தேன். கடற்காற்று ஈரத்துக்கு டேப் ஆறு மாதத்தில் உரிந்துவிடும்.

எங்களுக்கு வரும் கோல்களில் ஒரு வகை இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு கனடாவின் ஸ்காபரோவிலிருந்து வரும். "தங்கச்சி, எங்கட மூத்தவளின்ர சாமத்திய வீட்டு வீடியோ இன்னும் உங்களிட்டைக் கிடக்கோ? தந்த பென் டிரைவ் துலைஞ்சு போச்சு." பத்து வருடத்துக்கு முந்திய வேலை. சட்டப்படி எங்களுக்கு ஒரு பொறுப்பும் இல்லை. ஆனால் "இல்லை" என்று சொல்ல வாய் வராது, அந்த மகளுக்கு இப்போது கலியாணம், வீடியோ எடுக்கப்போவது நாங்கள்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுக்கக் கரண்ட் போனது நினைவிருக்கும். எல்லாரும் சிரித்தார்கள். நான் அந்த நேரம் 3 டீபி டிஸ்க்குக்கு ஒரு கலியாணத்தைக் கொப்பி பண்ணிக்கொண்டிருந்தேன். கரண்ட் வந்து பார்த்தால் டிஸ்க் திறக்கவில்லை. இரண்டு நாள் மீட்புச் செயலியோடு மல்லுக்கட்டி, ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் எடுத்தேன். தப்பிப்போன அந்த ஒன்று தாலி கட்டு. பொம்பிளை வீட்டுக்கு ஃபோன் அடித்து, அவர்களிடம் கொடுத்த கொப்பியையே திரும்ப வாங்கினேன். வெட்கம் என்றால் அதுதான்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு ஒரு சேர்வர் வேண்டும் என்று முடிவானது. ஒரே நிபந்தனை, லாச்சியில் கிடக்கும் டிஸ்க்குகளையே பாவிக்க வேண்டும்.

இங்கேதான் முதல் சிக்கல். இரண்டு டிஸ்க் போடும் ரெடிமேட் நாஸ் பெட்டி (வீட்டு வலையமைப்பில் ஃபைல் வைக்கும் சேர்வர்), டிஸ்க் இல்லாத வெறும் பெட்டியாகவே, நான் மொத்தமாகச் செலவழிக்க நினைத்த காசைத் தின்றுவிடும். சாதாரணக் கொம்பியூட்டரை நாஸ் ஆக்கும் மென்பொருளான ட்ரூநாஸ் இலவசம், அதில் ஃபைல்களை டிஸ்க்குகளில் அடுக்கும் இசெட்எஃப்எஸ் முறை அருமையான சாமான். ஆனால் அது ஒரே அளவு டிஸ்க்குகளைத்தான் விரும்பும். 4, 4, 3, 2 என்று போட்டு, ஒரு டிஸ்க் செத்தாலும் தாங்கும்படி அமைத்தால், எல்லாவற்றையும் சின்னதுக்குச் சமமாக 2 டீபி என்றே எண்ணும். 13 டீபி போட்டு 6 டீபி கிடைக்கும். அன்ரெயிட் என்ற மென்பொருள் கலப்பு டிஸ்க்குக்கு என்றே செய்தது, நல்ல பெயரும் இருக்கிறது. ஆனால் நான் பார்த்த நேரம் ஆறு டிஸ்க் வரைக்குமான ஆரம்ப லைசன்ஸே 49 டொலர், ஒரு வருடத்துக்குப் பிறகு புதுப் பதிப்புகள் வேண்டுமென்றால் இன்னும் காசு. டொலரை ரூபாயாக்கிப் பார்த்து மூடிவைத்தேன்.

மிஞ்சியது ஸ்னாப்ரெயிடும் மேர்ஜர்எஃப்எஸ்ஸும். இரண்டும் இலவசம், இரண்டும் வேறு வேறு வேலை. மேர்ஜர்எஃப்எஸ் பல டிஸ்க்குகளை ஒரே ஃபோல்டராகக் காட்டும். ஸ்னாப்ரெயிட் ஒரு டிஸ்க்கைக் காவலுக்கு வைத்து, மற்ற எல்லா டிஸ்க்குக்குமான கணக்கை அதில் எழுதும். மூன்று உண்டியலில் இருக்கும் காசைத் தனித்தனியாக எழுதாமல் கூட்டுத்தொகையை மட்டும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், ஒரு உண்டியல் களவுபோனாலும் மற்ற இரண்டையும் கழித்து அதில் எவ்வளவு இருந்தது என்று சொல்லலாம் அல்லவா? அதே தான். நிபந்தனை ஒன்று: காவல் டிஸ்க், இருப்பதில் பெரிய டிஸ்க்கைவிடச் சின்னதாக இருக்கக்கூடாது. ஆகவே எனக்கு வேண்டியது புதிதாக ஒரே ஒரு 4 டீபி. 4, 3, 2 மூன்றும் சேர்ந்து 9 டீபி முழுதாக எனக்கு.

நான் இதைத் தேர்ந்ததற்கு இடம் மட்டும் காரணமில்லை. இந்த முறையில் ஒவ்வொரு டிஸ்க்கும் தன்பாட்டில் ஒரு சாதாரண டிஸ்க். கழற்றி வேறு லினக்ஸ் கொம்பியூட்டரில் செருகினால் ஃபைல்கள் அப்படியே தெரியும். ஃபைல்களைத் துண்டாக்கிப் பல டிஸ்க்கில் பரப்பும் வழக்கமான ரெயிட் முறைகளில் தாங்கும் எண்ணிக்கைக்கு மேல் டிஸ்க் போனால் எல்லாக் கலியாணமும் போச்சு. இதில் இரண்டு டிஸ்க் ஒன்றாகச் செத்தாலும், செத்த டிஸ்க்கில் இருந்த கலியாணங்கள்தான் போகும். யாருக்கு ஃபோன் அடித்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

பெட்டி வாங்க 100ஆம் நம்பர் பஸ் ஏறி பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போனேன். இப்போது பாவித்த கொம்பியூட்டர் வாங்க நல்ல காலம். விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் ஆதரவை நிறுத்தியது. இன்டெல் ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தியவையும், ஒன்றிரண்டு விலக்குகளைத் தவிர, விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. ஒஃபிஸ்களெல்லாம் நல்ல பெட்டிகளைத் தள்ளிவிடுகின்றன. லினக்ஸுக்கு அந்தக் கவலையே கிடையாது. ஐ5-6500, 8 ஜீபி ராம், 240 ஜீபி எஸ்எஸ்டி, 34,000 ரூபாய். நான் முதலில் கையில் எடுத்தது மேசையில் படுக்க வைக்கும் சின்ன வகை. கடை நானா தலையாட்டினார்.

"சேர்வருக்கா தங்கச்சி? அப்ப இது வாணாம். பெரிய டிஸ்க் ஒண்டுக்கு மேல போட ஏலா. டவர் எடுங்க, ரெண்டாயிரம்தான் கூட."

அந்த ஒரு வசனத்துக்காகவே அந்தக் கடைக்கு ஐந்து நட்சத்திரம். விலையில் அந்த இரண்டாயிரத்தையும் பேசிக் குறைத்துத்தான் 34,000. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: திறந்து பார்க்க விட்டார். போர்டில் டிஸ்க் செருகும் சாட்டா செருகி எத்தனை, பவர் வயர் எத்தனை என்று எண்ணிப் பார்க்காமல் இந்த மாதிரிப் பெட்டியை வாங்கவே கூடாது. என்னுடையதில் நான்கு செருகி. எனக்கு வேண்டியது எஸ்எஸ்டியோடு ஐந்து. ஆகவே மேலதிக சாட்டா செருகி தரும், ஏஎஸ்எம்1166 சிப் உள்ள கார்ட் ஒன்று, 8,500 ரூபாய்.

பவர் வயர் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒஃபிஸ் பெட்டியின் பவர் சப்ளை அந்தக் கம்பனிக்கே உரிய வடிவம், மாற்றுவது லேசில்லை, வயரும் குறைவு. பிரித்துப் போடும் வயர் வாங்கத்தான் வேண்டும். அதில் தலைப்பகுதி முழுதும் ஒரே வார்ப்பாக பிளாஸ்டிக்கில் ஊற்றின மலிவு வகை உள்ளுக்குள் ஷோர்ட் ஆகித் தீப்பிடிப்பதில் பெயர் எடுத்தது. வயர் ஒவ்வொன்றும் தனித்தனியாக அழுத்திச் செருகின, பின்மூடி கழற்றக்கூடிய வகையை எடுங்கள். வித்தியாசம் சில நூறு ரூபாய். எங்கள் வீட்டில் ஆள் இல்லாத நேரமும் இது ஓடும்.

4 டீபி மேசை டிஸ்க்கின் பிளாஸ்டிக் உறையை பழைய பஸ் சீசன் அட்டையால் நெம்பித் திறந்தேன், உள்ளே சாதாரண சாட்டா டிஸ்க். அந்த உற்சாகத்தில் 1 டீபியையும் திறந்தது பிழை. கைக்கடக்கமான டிஸ்க்குகள் பலவற்றில் யூஎஸ்பி செருகி டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைத்திருக்கும். சாட்டா செருகியே இல்லை. திரும்ப மூடி வைத்தேன், ஒரு கிளிப் உடைந்ததோடு சரி. அதற்கு வேறு வேலை கிடைத்தது, பிறகு சொல்கிறேன்.

புது 4 டீபி கதை கொஞ்சம் நீளம். முதலில் வேறோர் இடத்தில், பெயர் வேண்டாம், சீகேட் சேர்வர் வகை டிஸ்க் ஒன்று, "புத்தம் புதுசு", சந்தை விலையைவிடப் பத்தாயிரம் குறைவு. வீட்டில் செருகி, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதும் ஸ்மார்ட் பதிவைப் பார்த்தேன்: ஓடிய நேரம் 14 மணி. சந்தோஷம். ஆனால் 2025 தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைஸ என்ற தொழில்நுட்பச் செய்தித்தளம் வெளிக்கொண்டுவந்த விடயம் மனதில் கிடந்தது: பாவித்த சீகேட் டிஸ்க்குகளின் ஸ்மார்ட் கணக்கைப் பூச்சியமாக்கிப் புதிது என்று உலகம் முழுக்க விற்றிருந்தார்கள், சியா என்ற டிஜிட்டல் காசு தோண்டிய இடங்களிலிருந்து வந்தவை என்ற சந்தேகமும் இருந்தது. அந்த நேரம் ஸ்மார்ட்டை மாற்றினவர்கள் ஃபார்ம் என்ற இன்னொரு உள்பதிவை மாற்றவில்லை. ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் ஃபார்ம் பதிவைக் கேட்டால் காட்டும். கேட்டேன். 21,000 மணிக்கு மேல். ஏறக்குறைய இரண்டரை வருடம் நிற்காமல் ஓடின டிஸ்க். கொண்டுபோய்க் காட்டினேன், கடைக்காரர் கொஞ்ச நேரம் இங்கிலீஷில் கதைத்து, கொஞ்ச நேரம் சிங்களத்தில் கதைத்து, கடைசியில் காசைத் தந்தார். பிறகு நானாவிடமே 41,500க்கு உத்தரவாத அட்டையோடு வாங்கினேன். சீகேட் வாங்குபவர்கள் பில்லைக் கசக்குவதற்கு முந்தி அந்தக் கட்டளையைப் போட்டுப் பாருங்கள்.

டிஸ்க் நான்கும் நிற்க, இவர் ஹார்ட்வெயார் கடையில் அலுமினியக் கோணப்பட்டை வாங்கி ஒரு சின்ன அடுக்கு செய்தார். இடையில் விரல் நுழையும் இடைவெளி, முன்னால் ஒரு ஃபேன். வடிவில்லை. ஏப்ரல் வெயிலில் 44 பாகை தாண்டவில்லை, எனக்கு அது போதும். ஃபேன் இல்லாமல் ஒரு நாள் விட்டுப் பார்த்தபோது 53 போனது.

மென்பொருளுக்கு வருவோம். டெபியன் லினக்ஸ் மேல் ஓடும் ஓபன் மீடியா வால்ட் என்ற நாஸ் மென்பொருளைப் போட்டேன். ஃபிரீநாஸில் (ட்ரூநாஸின் பழைய பெயர்) வேலை செய்த வோல்கர் டைல என்பவர் தொடங்கியது. மொனிட்டர் தேவையில்லை, மற்றக் கொம்பியூட்டரின் பிரவுசரில் இருந்தே எல்லாம். லினக்ஸ் தெரியாத நான் ஒரு பின்னேரத்தில் போட்டு முடித்தேன். கோபம் வருவது ஒன்றில்: என்ன மாற்றினாலும் மேலே மஞ்சள் பட்டை வந்து "மாற்றத்தைப் பிரயோகிக்கவா" என்று கேட்கும். தட்டிவிட்டு அரை நிமிடம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பத்து மாற்றம், பத்துத் தரம்.

பழைய டிஸ்க்குகள் விண்டோஸ் அமைப்பில் இருந்தன, லினக்ஸின் அமைப்பான எக்ஸ்ட்4க்கு மாற்ற வேண்டும், மாற்றினால் உள்ளே இருப்பது போகும். ஆகவே வெறும் புது 4 டீபிக்கு ஒன்றைக் கொட்டி, அதைச் சுத்தமாக்கி, திரும்ப நிரப்பி, அடுத்தது. வீடு மாறும்போது அறைக்கு அறை அலுமாரி தள்ளுகிற மாதிரி ஒரு கிழமை. கடைசியில் காலியான புது டிஸ்க்தான் காவல் டிஸ்க் ஆனது. எக்ஸ்ட்4 சும்மா இருந்தாலே 5 சதவீதத்தைத் தனக்கு ஒதுக்கி வைக்கும், 4 டீபியில் அது 200 ஜீபி. படங்கள் மட்டும் வைக்கும் டிஸ்க்கில் அந்த ஒதுக்கீட்டைப் பூச்சியமாக்கலாம். காவல் டிஸ்க்கில் கட்டாயம் ஆக்குங்கள், இல்லாவிட்டால் அதே அளவு டிஸ்க் நிரம்பும்போது காவலுக்கு இடம் போதாது.

முதல் கணக்கெழுத்து 11 மணி நேரம் எடுத்தது. இப்போது தினமும் விடியப்புறம் மூன்று மணிக்கு தானாக ஓடுகிறது, புதிதாக ஒன்றும் இல்லை என்றால் நிமிடக் கணக்கில் முடியும்.

இரண்டு தரம் திணறினேன். முதலாவது, இரண்டாம் மாதத்தில், கொப்பி பண்ணும்போது "இடமில்லை" என்றது. மொத்தக் கணக்கில் 1.5 டீபிக்கு மேல் காலி! மேர்ஜர்எஃப்எஸ்ஸுக்குப் புது ஃபைலை எந்த டிஸ்க்கில் போடுவது என்று ஒரு கொள்கை உண்டு. எனக்கு வந்த அமைப்பில் அது "அந்த ஃபோல்டர் ஏற்கெனவே இருக்கும் டிஸ்க்கில்" என்று இருந்தது. "கலியாணம்" ஃபோல்டர் 3 டீபி டிஸ்க்கில் மட்டும் இருந்தது. அது வாய்வரை நிரம்பியும், பக்கத்து டிஸ்க் சும்மா இருந்தும், அங்கே போக மாட்டேன் என்று நின்றது. "அதிக இடம் உள்ள டிஸ்க்கில்" என்று மாற்றினேன், முடிந்தது. தொடங்கும் நாளே இதை மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, இவர். ஒரு பின்னேரம் தேநீரோடு வந்து சொன்னார்: "ஒரே பேரில ரெண்டு ஃபோல்டர் கிடந்தது, ஒண்டை அழிச்சுப் போட்டன்." ஒரே பெயர் இல்லை. ஒன்று "ஃபைனல்", மற்றது "ஃபைனல் 2". இரண்டாவதுதான் உண்மையான ஃபைனல், 38 ஜீபி, அடுத்த கிழமை கொடுக்க வேண்டியது. எனக்குத் தொண்டை வறண்டது. பிறகு நினைவு வந்தது, காவல் கணக்கு அன்று விடியப்புறம் எழுதினது, இன்னும் அந்த ஃபோல்டரை நினைவில் வைத்திருக்கிறது. தொலைந்தவற்றை மட்டும் மீட்கும் கட்டளையைப் போட்டேன். பிளேன் டீ ஆற முந்தி எல்லாம் திரும்ப வந்து உட்கார்ந்தது. இதையே அடுத்த நாள் காலை சொல்லியிருந்தால், மூன்று மணிக்கு ஓடும் கணக்கு அழிப்பையும் சரி என்று எழுதியிருக்கும். அன்றிரவே இத்தனை ஃபைலுக்கு மேல் அழிந்திருந்தால் கணக்கெழுதாமல் நிறுத்து என்ற எல்லையைப் போட்டேன், அந்த வசதி ஓபன் மீடியா வால்ட்டின் ஸ்னாப்ரெயிட் இணைப்பில் இருக்கிறது.

இந்தக் கதையின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் மதிப்புரை எழுதுவதில் அர்த்தமில்லை. கணக்கு எழுதிய பிறகு ஒரு டிஸ்க்கில் எதையாவது அழித்தால் அல்லது மாற்றினால், அடுத்த கணக்கு வரைக்கும் மற்ற டிஸ்க்குகளின் பாதுகாப்பிலும் அந்த அளவுக்கு ஓட்டை விழும். கூட்டுத்தொகை பழையது, உண்டியல் புதியது. ஆகவே நாள் முழுக்க மாறும் ஃபைல்களுக்கு, கணக்குப் புத்தகங்களுக்கு, எடிட் பண்ணிக்கொண்டிருக்கும் புரஜெக்டுக்கு இது வேண்டாம். நான் எடிட் வேலையை என் கொம்பியூட்டர் எஸ்எஸ்டியிலேயே செய்கிறேன், முடிந்த பிறகுதான் இங்கே வரும். வந்தது பிறகு அசையாது. கலியாண வீடியோவை யாரும் திருத்தப்போவதில்லை.

வேகம்: முதல் நாள் 60 ஜீபி கொப்பி பண்ண ஒன்றரை மணி நேரம். டிஸ்க்கைச் சந்தேகித்தேன், கார்டைச் சந்தேகித்தேன். குற்றவாளி இணையக் கம்பனி தந்த ரூட்டர், அதன் செருகிகள் 100 மெகாபிட். 5,200 ரூபாய்க்கு ஒரு கிகாபிட் ஸ்விட்ச் போட்டதும் அதே 60 ஜீபி பத்து நிமிடத்துக்குள்.

கரண்ட்: டிஸ்க் நான்கும் சுற்றும்போது 38 வாட், விடாமல் ஓடினால் மாதம் 27 யூனிட். எங்கள் பில் ஏற்கெனவே 180 யூனிட் வாசலில் நிற்பது. தாண்டினால் மேலதிக யூனிட் எல்லாம் உச்ச விலை. இங்கே இந்த அமைப்புக்கு ஒரு நல்ல குணம்: ஒரு வீடியோ பார்க்க அது இருக்கும் டிஸ்க் மட்டும் சுற்றினால் போதும், மற்றவை உறங்கும். அரை மணி நேரம் சும்மா இருந்தால் உறங்கு என்று போட்டதும் சராசரி 22 வாட்டுக்கு இறங்கியது. யூபிஎஸ் ஒன்றும் வாங்கினேன், 14,500, யூஎஸ்பி செருகி உள்ள வகை. அது இல்லாத யூபிஎஸ் சேர்வருக்குக் கரண்ட் போன சேதியைச் சொல்லாது, பட்டரி தீர்ந்ததும் பொத்தென்று விழும். குரங்கு திரும்ப வந்தாலும் இனி மரியாதையாக மூடிக்கொண்டு படுக்கும்.

வயர், ஃபேன், சில்லறை 4,000. கூட்டிப் பார்த்தால் மொத்தம் 1,07,700 ரூபாய்.

இது எல்லாம் இருந்தும் இது வேறிடத்தில் வைக்கும் பிரதிக் கொப்பி (பேக்கப்) ஆகாது. வீட்டில் தண்ணீர் புகுந்தால், களவுபோனால், நான்கும் ஒன்றாகப் போகும். அந்த 1 டீபிக்குக் கிடைத்த வேலை இதுதான். முடிந்த வீடியோக்கள் மட்டும் அதில் ஏறி, நாங்கள் யாழ்ப்பாணம் போகும்போது என் மடியில் ரயிலில் போகும். அம்மாவின் அலுமாரியில், கூறைச் சேலைக்குக் கீழே இருக்கும். அம்மா அதை "கொழும்புப் பெட்டி" என்பார். கிளிப் உடைந்ததை ரப்பர் பாண்டால் கட்டியிருக்கிறேன்.

போன கிழமை 2 டீபி டிஸ்க்கின் ஸ்மார்ட் பட்டியலில் 197ஆம் வரி, வாசிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கை, பூச்சியத்திலிருந்து 8 ஆனது. 2014இல் வாங்கினது, குறை சொல்ல முடியாது. இன்னும் ஓடுகிறது, ஆனால் அதை மாற்ற இன்னொரு 4 டீபி வேண்டும். நானாவுக்கு ஃபோன் அடித்தேன்.

"இப்ப விலை ஏறிட்டு தங்கச்சி. அவசரமா?"

அவசரமில்லை, அது செத்தாலும் கணக்கு இருக்கிறது என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை.

"அப்ப பழைய பில்லில ஒண்டு கிடக்கிறதா பாத்திட்டுக் கோல் எடுக்குறேன்" என்றார். இன்னும் எடுக்கவில்லை.